கண்டிக்கு நேர் எதிரே, மக்காவுக்கு நேர் எதிரே

எமது காலடியிலிருந்து பூமியின் நடுவைத் துளைத்துக்கொண்டு சென்றால் அமெரிக்காவில் வெளிப்படலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். அது தவறு. நாமும் வட அரைக்கோளத்தில் இருக்கின்றோம், ஐக்கிய அமெரிக்காவும் அங்கேயே இருக்கின்றது. எதிர்ப்புள்ளி தென் அரைக்கோளத்தில் தான் அமைய முடியும்.

அதனைக் காணும் முறை இலகுவானது. அகலக்கோட்டின் அளவை மாற்றாது வடக்கைத் தெற்காக்க வேண்டும்; நெடுங்கோட்டை 180 இலிருந்து கழித்துக் கிழக்கை மேற்காக்க வேண்டும். கண்டி நகரம் வடக்கு 7.3, கிழக்கு 80.6 பாகையில் உள்ளது. ஆகவே அதன் எதிர்ப்புள்ளி தெற்கு 7.3, மேற்கு 99.4 பாகை. அங்கே வெறும் கடல்! பெரு நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் தொலைவில் பசிபிக் சமுத்திரம். இலங்கை முழுவதற்கும் இதே நிலைதான். இந்தியாவின் அஜ்மீருக்கு ஓர் அதிசயம் வாய்த்திருக்கின்றது. அந்நகரை அண்டிய இடத்தின் எதிர்ப்புள்ளியாகச் சிலி நாட்டுக்குரிய சலா இ கோமெஸ் என்னும் மனிதர் வாழாத பாறைத்தீவு அமைந்துள்ளது.

இதே கணக்கை மக்காவுக்குச் செய்தால் கிடைப்பது தெற்கு 21.4, மேற்கு 140.2 பாகை. பிரெஞ்சுப் பொலினீசியாவின் தெமாதாகி பவளத்தீவுக்கு அருகிலுள்ள கடல் அது. அப்புள்ளியில் நிற்பவருக்கு எத்திசையும் கிப்லாவே. கண்டியில் தொழுபவரின் முன்னே 4,650 கிலோமீற்றரில் கஃபா இருக்கின்றது. அதே கோட்டைப் பின்னே நீட்டினால் சுமார் 15,350 கிலோமீற்றரில் அப்புள்ளி வரும்.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் உள்ளது. கிப்லா என்றால் மேற்கு என்ற எண்ணம் எம்மவரிடையே இன்றும் உண்டு. கண்டியிலிருந்து அது மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை விலகியுள்ளது. நேர் மேற்கே நோக்கும் கோடு சோமாலியாவையும் எத்தியோப்பியாவின் தென்பகுதியையுமே சென்றடையும். வீட்டின் தொழுகை அறைக்கும், அடக்கஸ்தலத்தில் வெட்டப்படும் கப்றுக்கும் இவ்வேறுபாடு சிறியதன்று. தொலைவிலுள்ளோர் திசையை நோக்கினால் போதும் என்போர் மார்க்க அறிஞரில் பலர். எனினும் இந்நாட்டுப் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு இதில் சற்றுக் கண்டிப்பானது. முன்னோர் கட்டிய பள்ளிவாசல்கள் குறித்து ஐயம் கிளப்புவது எமது நோக்கமன்று. புதிதாகக் கட்டுவோருக்கே இதனைச் சொல்கின்றோம்.

சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மே 28 அளவில் எமது நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 அளவில் 2.57 மணிக்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நிழலின் நுனியிலிருந்து நூலின் அடியை நோக்கிக் கோடு கீறினால் அதுவே கிப்லா. கையடக்கத் தொலைபேசியின் திசைகாட்டி அருகிலுள்ள இரும்புக்கு மயங்கும், நிழல் மயங்காது. நவம்பர் இறுதியிலும் ஜனவரி நடுவிலும் சூரியன் அந்தப் பசிபிக் புள்ளியின் உச்சிக்கு வரும்போது, பகலில் இருக்கும் அமெரிக்க நாட்டவருக்கு நிழல் விழும் திசையே கிப்லாவாகும். அவ்வேளை எமக்கு நள்ளிரவு கடந்திருக்கும்.

மே, ஜூலை மாதங்களில் கண்டி, அக்குறணை, கம்பளைப் பகுதிகளில் பிற்பகல் வெயிலை நம்ப முடியாது. குறித்த நாளில் மழை மறைத்தால் ஓரிரு நாள் முன்பின் அதே நேரத்தில் பார்த்தாலும் பிழை மிகச் சிறிதே.