குதிகால் வலியும் காலணி மெத்தையும்

நம் நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் நின்றும் நடந்தும் உழைக்கிறார்கள். ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர், தண்டவாளத்தைப் பராமரிப்பவர், கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் பெண், பேருந்து நடத்துநர், காவலாளி, ஆலையில் நின்றபடி வேலை செய்பவர் என்று பலர். இவர்களில் பலருக்குக் குதிகால் வலி உண்டு. "வயது ஆனால் வரும்" என்று விட்டுவிடுகிறார்கள். வலி கூடினால் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லை.

இந்த வலி ஏன் வருகிறது? காலணிக்குள் போடும் மெத்தை இதற்கு உதவுமா? எப்படிப்பட்ட மெத்தையை வாங்க வேண்டும்?

பாதம் தாங்கும் அடி

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. குதிகால் எலும்புக்குக் கீழே கொழுப்பால் ஆன ஒரு திண்டு இருக்கிறது. இது இயற்கை கொடுத்த மெத்தை. நாம் அடி எடுத்து வைக்கும்போது தரையின் தாக்குதலை முதலில் தாங்குவது இதுதான்.

ஒருவரின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் 60 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பாரம் ஒரே காலில் இறங்குகிறது. ஓடும்போது அது இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. தலையில் சுமை இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. லாரியிலிருந்து சிமென்ட் தரையில் குதித்தால் அடி இன்னும் பலமாக விழும்.

மண் தரை சிறிது அமுங்கிக் கொடுக்கும். சிமென்ட் தரையும் தார்ச் சாலையும் அமுங்காது. அடி முழுவதையும் பாதமே தாங்க வேண்டும். நடுத்தர வயதைத் தாண்டினால் குதிகால் திண்டின் மீள்தன்மையும் குறைகிறது.

காலையில் முதல் அடி

குதிகாலிலிருந்து விரல்கள் வரை, பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப் பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவை இழுத்துப் பிடிப்பது இதுதான். ஓயாமல் பாரம் விழுந்தால், இந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் புண்பட்டுப் போகிறது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்தும். பத்து அடி நடந்ததும் வலி குறையும். வெகுநேரம் நின்றால் மறுபடியும் வரும். பெரும்பாலோருக்கு இந்த வலி சில மாதங்களில் எளிய கவனிப்பிலேயே குறைந்துவிடும். ஆனால் அதுவரை பாதத்தில் விழும் அடியைக் குறைக்க வேண்டும். இதற்குத்தான் மெத்தை உதவுகிறது.

எந்த மெத்தை நல்லது?

காலணிக்குள் போடும் மெத்தையைக் கடைகளில் "இன்சோல்" என்பார்கள். பாதம் முழுவதும் வருவது ஒரு வகை. குதிகாலுக்கு மட்டும் வருவது இன்னொரு வகை. சாதாரண ஸ்பாஞ்சு, அடர்த்தியான ஃபோம், ரப்பர், சிலிக்கான் என்று பல பொருள்களில் கிடைக்கின்றன.

சாதாரண ஸ்பாஞ்சு விலை மலிவு. கையால் தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் சீக்கிரமே அப்பளம் போலத் தட்டையாகிவிடும். அடர்த்தியான ஃபோமும் ரப்பரும் அதிக நாள் உழைக்கும். சிலிக்கான் குதிகால் திண்டு அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் சற்றுக் கனமாக இருக்கும், வியர்க்கும்.

வாங்கும்போது கட்டைவிரலால் ஒரு சோதனை செய்யலாம். மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் அடிவரை போய்த் தரையைத் தொட்டால், அது மிகவும் மிருது. பாதமும் அப்படித்தான் அடிவரை அமுங்கும், பயன் இல்லை. விரல் சிறிதும் அமுங்கவில்லை என்றால், அது மிகவும் கடினம். விரல் சற்று அமுங்க வேண்டும். விரலை எடுத்ததும் மெத்தை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

மிகவும் தடித்த மெத்தையும் நல்லதல்ல. பாதம் மேலே எழும்பி, காலணியின் மேல்பகுதி அழுத்தும். குதிகால் நழுவும். ஒரு காலில் மட்டும் வலி இருந்தாலும் இரண்டு காலணிகளிலும் மெத்தை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் உயர்ந்து, இடுப்பு வலி வரக்கூடும்.

விலை உயர்ந்த மெத்தைதான் பலன் தரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோருக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண மெத்தையே போதும்.

காலணியும் சரியாக இருக்க வேண்டும்

காலணி சரியில்லை என்றால், மெத்தை போட்டும் பயன் இல்லை. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அதனால் மாலை நேரத்தில் காலணி வாங்குவது நல்லது. மெத்தையையும் உள்ளே போட்டு, நின்று, நடந்து பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும்.

ஷூவில் பழைய மெத்தை இருந்தால், அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். முன்பக்கம் இரும்பு மூடி உள்ள பூட்ஸ் அணிபவர்கள், மெத்தை போட்ட பிறகு விரல்கள் இரும்பில் உரசுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தேய்ந்த ரப்பர் செருப்பில் மெத்தை நிற்காது. செருப்புதான் வேண்டும் என்றால், அடிப்பாகம் தடித்ததாக, குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம்.

புதிய மெத்தையை முதல் நாளே முழு நேரமும் அணியக் கூடாது. ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, தினமும் சிறிது கூட்ட வேண்டும். இரவில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். தட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும்.

வலி தெரியாத பாதம்

சிலருக்குப் பாதத்தில் வலியே தெரியாது. இதுதான் பெரிய ஆபத்து. நீரிழிவும் தொழுநோயும் பாத நரம்புகளைக் கெடுக்கலாம். அப்போது ஆணி குத்தினாலும் தெரியாது. காலணி கடித்தாலும் தெரியாது. புண் பெரிதாகி, சிலருக்குக் காலையே எடுக்க நேர்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது.

தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை, நோய்க் கிருமி சதையை அரிப்பதால் வருவது என்று முன்பு எண்ணினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்தார்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதாலேயே புண் வருகிறது என்று காட்டினார்கள். இந்த அறிவிலிருந்து வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. இதன் மேல்பகுதி, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மிருதுவான ரப்பர். அது பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது. அடிப்பகுதி முள் குத்தாத கடின ரப்பர். இதில் ஆணி அடிப்பதில்லை. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இந்தச் செருப்பு இலவசமாக வழங்கப்படுகிறது.

பாதம் மரத்துப்போனவர்கள் தாமாகவே மெத்தை வாங்கிப் போடக் கூடாது. மருத்துவரிடம் காட்டியே வாங்க வேண்டும். தினமும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். காலணியை அணியும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

உயரத்திலிருந்து விழுந்தோ குதித்தோ, அதன் பிறகு காலை ஊன்ற முடியவில்லை என்றால் உடனே போக வேண்டும். குதிகால் எலும்பு உடைந்திருக்கலாம். வீக்கம், சிவப்பு, காய்ச்சல், ஆறாத புண், மரத்துப்போதல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மெத்தை போட்டும் சில வாரங்களில் வலி குறையாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைத் தானாகவே வாங்கி நாள்தோறும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

செலவில்லாத கவனிப்பும் உண்டு. சுவரில் கை ஊன்றி நிற்க வேண்டும். வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதிக்க வேண்டும். கெண்டைக்கால் இழுபடும்வரை முன்னால் சாய வேண்டும். அப்படியே அரை நிமிடம் நிற்க வேண்டும். இதைத் தினமும் சில முறை செய்தால், பாதத்தின் நார்ப் பட்டை மெல்ல இளகும். இந்தப் பயிற்சியோடு மெத்தையும் சேர்ந்தால் வலி குறைய நல்ல வாய்ப்பு உண்டு.