பதிவாகாத குற்றங்கள்

பதிவாகாத குற்றங்கள் என்பன நிகழ்ந்தும் காவல்துறைப் பதிவேடுகளில் இடம்பெறாத குற்றங்கள் ஆகும். குற்றவியலில் இவற்றின் அளவு குற்றத்தின் இருண்ட எண்ணிக்கை எனப்படும்.

காரணங்கள்

பழிவாங்கப்படும் அச்சம், அவமானம், குற்றவாளி உறவினராக இருத்தல், பயனில்லை என்ற எண்ணம் ஆகியவற்றால் பலர் முறையிடுவதில்லை. காப்பீட்டுத் தொகை பெறக் காவல்துறைப் பதிவு தேவைப்படுவதால் வாகனத் திருட்டுகள் பெரும்பாலும் பதிவாகின்றன; குடும்ப வன்முறை பெரும்பாலும் பதிவாவதில்லை. முறையீட்டைக் காவல் நிலையம் பதியாமல் விடுவதும் உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது.

விளைவுகள்

பாதிக்கப்பட்டவர் இழப்புடனும் அச்சத்துடனும் தனித்து விடப்படுகிறார். குற்றவாளி மீண்டும் குற்றமிழைக்க வாய்ப்பு ஏற்படுகிறது. பதிவேடுகளை மட்டும் கொண்டு குற்ற அளவைக் கணிப்பதும் பிழையாகிறது. எனவே மக்களிடமே கேட்டறியும் பிரித்தானியக் குற்றக் கணக்கெடுப்பு 1982 இல் தொடங்கப்பட்டது. பதிவுகள் கூடுவது, மக்கள் முறையிட முன்வருவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.