முரளியின் முழங்கை: எறிந்தாரா, வீசினாரா?

மாத்தளையில் கிரிக்கெட் பேச்சு எழுந்தால் முத்தையா முரளிதரனின் பெயர் வராமல் முடியாது. பக்கத்து மாவட்டமான கண்டியில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். எங்களைப் போல மலையகத் தமிழர். எங்கள் மாவட்டத்தின் தம்புள்ளை மைதானத்திலும் விளையாடியவர். ஆனாலும் ஒரு கேள்வி இன்றும் என்னிடம் வருகிறது: "அண்ணே, அவர் உண்மையிலேயே பந்தை எறிந்தவரா?"

பேஸ்போலில் பந்தை எறிபவர் முழங்கையை மடக்கி, விசையோடு நீட்டி எறியலாம். கிரிக்கெட்டில் அதற்கு இடமில்லை. கை தோள் உயரத்துக்கு வந்த பின், பந்து கையை விட்டுப் போகும் வரை, மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது. மடங்கியே இருந்தால் குற்றமில்லை, நிமிர்ந்தால்தான் குற்றம். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நிமிராது. மணிக்கட்டோ மிக வேகமாகச் சுழலும். இரண்டும் சேரும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு எறிவது போலவே தெரியும்.

1995 டிசம்பர் 26 இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்துகளை ஏழு தடவை முறையற்றவை என்று அறிவித்தார். அடுத்த மாதம் பிறிஸ்பேனிலும், 1999 இல் அடிலெயிட்டிலும் நடுவர் ரொஸ் எமர்சன் அதையே செய்தார். அடிலெயிட்டில் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார்.

1996 இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரது கையைப் படம்பிடித்து அளந்தார்கள். எறிவது போன்ற தோற்றம் மட்டுமே என்பது முடிவு. 2004 இல் 'தூஸ்ரா' பந்து மீது மீண்டும் புகார் வந்தது. அந்தப் பந்தில் முழங்கை சுமார் 14 பாகை நிமிர்வதாக அளவு காட்டியது. திருத்தப் பயிற்சிக்குப் பின் சுமார் 10 ஆகக் குறைந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போதைய எல்லை 5 பாகை. ஆக, அன்றைய விதிப்படி அந்தப் பந்து தவறுதான்.

ஆனால் மற்றவர்களையும் அளந்தபோது, சுத்தமான வீச்சு என்று புகழப்பட்ட அநேகமான எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. 2005 இல் ஐ.சி.சி. எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லையை வைத்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்பது பாதிக் கதை. ஒருவரை மட்டும் அளந்த கோலை எல்லோர் மீதும் வைத்தார்கள் என்பதே முழுக் கதை.

2010 ஜூலையில் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் ஓய்வு பெற்றார். இன்றுவரை அதை எவரும் எட்டவில்லை.

2009 பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் வன்னியில் உறவுகளை இழந்தவர்களைக் காயப்படுத்தின. போர் முடிந்த நிம்மதியையே சொன்னதாக 2020 இல் அவர் விளக்கமளித்தார். அந்த விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் இழந்தவர்களின் உரிமை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து "எறிந்தவன்தானே" என்று நம்மவரே சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தோற்றத்தை மட்டும் பார்த்துச் சந்தேகிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று சோதனைச் சாவடிகளில் நின்ற நமக்குத் தெரியும். அவருடைய வார்த்தைகளுக்கு ஒரு கணக்கு, கைக்கு வேறு கணக்கு. கையின் கணக்கு அளந்து முடிக்கப்பட்டுவிட்டது.