தட்டாமாலை சுற்றும் நட்சத்திரம்

கார்த்திகையில் மழை விட்ட ஒரு முன்னிரவில் அண்ணாந்து பார்த்தால், உச்சிவானில் நான்கு நட்சத்திரங்கள் கட்டில்கால்களைப் போலப் பெரிய சதுரமாக நிற்பது தெரியும். மேற்கே இருக்கும் இரண்டு பூரட்டாதி, கிழக்கே இருக்கும் இரண்டு உத்திரட்டாதி. பூரட்டாதியின் இரு கால்களுக்கும் நடுவே, சற்று மேற்கே தள்ளி, ஊர்வெளிச்சம் இல்லாத இடத்தில் கூர்மையான கண்ணுக்கு மட்டும் அகப்படும் மங்கலான புள்ளி ஒன்று உண்டு. அதன் பெயர் 51 பெகாசி. தூரம் ஏறத்தாழ 50 ஒளியாண்டு. நம் சூரியனைப் போன்ற சாதாரண நட்சத்திரம்தான். 1995 வரை அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை.

அந்த ஆண்டு, அதைச் சுற்றி ஒரு கோள் இருக்கிறது என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் மயோரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் திதியே கெலோவும் அறிவித்தார்கள். அந்தக் கோளை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. நம் வியாழனையே தொலைவிலிருந்து யாராவது தேடினால், சூரிய ஒளியில் 100 கோடியில் ஒரு பங்குதான் அதன் வெளிச்சம். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஒட்டிப் பறக்கும் கொசுவைப் பக்கத்து ஊரிலிருந்து தேடுகிற கதை.

பிறகு எப்படித் தெரிந்தது? சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். அப்பா குழந்தையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றும்போது, குழந்தை பெரிய வட்டம் போடுகிறது. அப்பாவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சற்றே பின்னால் சாய்ந்து, ஒரு சிறு வட்டத்தில் கால் மாற்றிக்கொண்டே இருக்கிறார். குழந்தை இருட்டில் மறைந்துவிட்டாலும் அப்பாவின் கால்மாற்றத்தை வைத்தே குழந்தையின் எடையையும் சுற்றும் வேகத்தையும் ஊகித்துவிடலாம்.

நட்சத்திரத்தின் கால்மாற்றம் அதன் ஒளியில் பதிகிறது. ஒளியை நிறங்களாகப் பிரித்தால், நடுநடுவே ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அவை நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகரும். நகர்வோ மிகமிகச் சிறியது. வியாழன் இழுப்பதால் நம் சூரியன் அசையும் வேகம் நொடிக்குச் சுமார் 12 மீட்டர். நம் டவுன் பஸ்ஸின் வேகம். 51 பெகாசியின் வேகம் நொடிக்கு 59 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு கருங்கோடு தன் அலைநீளத்தில் 50 லட்சத்தில் ஒரு பங்குதான் இடம் மாறும். ஒற்றைக் கோட்டை நம்பி இதை அளக்க முடியாது. ஆயிரக்கணக்கான கோடுகளையும் ஒருசேர அச்சு வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். தெற்கு பிரான்சின் ஓத்-புரொவான்ஸ் வானாய்வகத்தில், 1.93 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைந்திருந்த ‘எலோடி’ என்ற நிறமாலைமானி அதைத்தான் செய்தது.

கருவி சொன்ன விடைதான் கெலோவைக் கலங்கடித்தது. அந்தக் கோள் வியாழனில் பாதி எடையாவது இருக்கும், ஆனால் 4.2 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது! நம் வியாழனுக்கு 12 ஆண்டு ஆகிறது. புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்க, இந்தப் பூதமோ தன் நட்சத்திரத்திலிருந்து 80 லட்சம் கிலோமீட்டருக்குள், ஆயிரம் டிகிரி வெப்பத்தில் வெந்துகொண்டிருக்கிறது. தன் கணினி நிரலில்தான் பிழை என்று கெலோ நினைத்தார். நியாயமான பயம். வேற்றுக் கோளைக் கண்டதாகச் சொல்லி ஏமாந்தவர்களின் வரிசை நீளமானது. அதன் தலைப்பில் நிற்பவரே நம்மூர்க்காரர் என்று சொல்லலாம். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் நகர்வில் கோளாறு தெரிகிறது, அங்கே கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். அந்தக் கோள் இன்றுவரை அகப்படவில்லை.

ஆகவே இருவரும் காத்திருந்தார்கள். சில மாதம் கண்ணுக்கு எட்டாமல் போயிருந்த 51 பெகாசி, 1995 ஜூலையில் மறுபடி இரவு வானத்துக்கு வந்தது. எந்த இரவில் எந்த வேகம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அளந்தார்கள். பொருந்தியது. அக்டோபர் 6 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அறிவித்தார்கள்.

எனக்கு இதில் அதிகம் சுவைப்பது இதற்கு அடுத்த பகுதிதான். அமெரிக்காவில் மார்சி, பட்லர் என்ற இருவர் பல ஆண்டுகளாக இதே வேட்டையில் இருந்தவர்கள். செய்தி கேட்டுச் சில நாட்களிலேயே அளந்து பார்த்து, உண்மைதான் என்றார்கள். பிறகு தங்கள் கணினியில் கிடந்த பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். 1996 ஜனவரியிலேயே இரண்டு கோள்களை அறிவித்தார்கள். பெருங்கோள் சுற்றி முடிக்கப் பல ஆண்டு ஆகுமே, என்ன அவசரம் என்று ஆற அமர இருந்துவிட்டார்கள் போலும். இத்தனைக்கும், நட்சத்திரத்தை ஒட்டியே பெருங்கோள் இருக்கலாம், இந்த முறையிலேயே தேடலாம் என்று ஆட்டோ ஸ்ட்ரூவ் 1952-இலேயே எழுதியிருந்தார். படித்தவர்கள் இருந்திருப்பார்கள், பொருட்படுத்தியவர்கள்தான் இல்லை.

அவ்வளவு வெப்பத்தில் பெருங்கோள் உருவாகியிருக்க வாய்ப்புக் குறைவு. தொலைவில் பிறந்து, நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த வாயுத்தட்டு இழுத்தோ பிற கோள்கள் தள்ளியோ உள்ளே வந்திருக்க வேண்டும். எது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. மயோருக்கும் கெலோவுக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதற்கு முன்பே, 2013-இல், வேறொரு குழு அந்தக் கோளின் ஒளியையே நட்சத்திர ஒளிக்குள்ளிருந்து சலித்து எடுக்கப் பார்த்தது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும் இருப்பதற்கான தடம் தெரிந்தது. ஒரு இரவின் பதிவு மட்டும் ஒத்துவராததால், கட்டுரைத் தலைப்பிலேயே நேர்மையாக ஒரு கேள்விக்குறி போட்டார்கள். 2017-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, நீராவி இருப்பதை உறுதி செய்தது. அந்த நீராவியின் கோடுகளும் நகர்கின்றன. நட்சத்திரம் நொடிக்கு 59 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும்போது, கோள் நொடிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எதிர்ப்பக்கம் விலகுகிறது. தட்டாமாலையின் மறுகை ஒருவழியாக வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.