நன்னூல் காட்டும் ஆசிரியரும் மலைவகுப்பும்

கற்றோர் அனைவரும் கற்பிக்க வல்லரோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்திலேயே இதற்கு விடை பகர்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறும் நன்னூலார், ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கினைக் காட்டுவர்.

பின்னைய நான்கும் கூர்ந்து நோக்கற்பாலன. கழற்சிக்காய் பெய்த குடம், இட்ட முறையிலன்றித் தாறுமாறாகக் கொட்டும். பனை எவரையும் ஏறவொட்டாது. பழம் தானே வீழுங்காலன்றித் தாராது. பஞ்சு அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே வாங்கும், அவ்வாறே கொடுக்கும். வளைந்த தென்னை, நீர் வார்த்தவனை விடுத்து அயலான் மனையிற் காய் உதிர்க்கும். இவற்றுள் ஒன்றேனும் வெறுமையுடையது அன்று. குடமும் குண்டிகையும் நிறைந்துள்ளன; பனையும் தெங்கும் காய்த்துள்ளன. குறை பொருளில் இல்லை; ஈயும் முறையிலேயே உள்ளது. ஆசிரியர் திறத்தைப் புலமையளவால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையோடு பொருத்திக் காண்போம். 1976ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர். பெயரொற்றுமை பற்றி அவரைக் கேரளத்தார் எனல் பிழை. சாமையும் தினையும் விளையும் மண்ணிற் பிறந்த சிறுவனுக்குக் குறிஞ்சித்திணை கற்பிக்கும் ஆசிரியர், முதல், கரு, உரி என்னும் குறியீடுகளை முறைபிறழ அடுக்குவாராயின் கழற்குடமே ஆவர். விரைந்து விடை கூறும் முன்வரிசையாரையே நோக்கி உரைப்பாராயின் முடத்தெங்கே ஆவர். அந்நிலையில் மலைச்சிறுவனின் வாய்வாளாமை அறிவின்மையாகக் கருதப்படும்; அவனும் அதனை நம்பிப் பள்ளியினின்று நீங்கவுங் கூடும்.

மாறாக, ‘சாமை விதைப்பது எப்பொழுது? தினைக்கதிரைக் கிளியினின்று காப்பது எங்ஙனம்?’ என அவனை வினவித் தொடங்குவாராயின், கருப்பொருள் அவன் வாயினின்றே வெளிப்படும். அதன்பின் குறியீட்டை அறிவித்தல் எளிது. சினமும் பதற்றமும் இன்றி, இன்முகத்துடன், கற்பவன் ஏற்கும் திறமறிந்து உரைத்தலே பாடஞ்சொல்லும் முறை என்பது நன்னூலார் கொள்கை. ஆசிரியர் உரையாற் கல்வி காற்பங்கே அமையும் என்றும், உடன்பயில்வாரால் மற்றொரு காலும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்றும் அந்நூலே கூறும். ஆதலின், மாணவனைப் பேசச் செய்தல் பாடத்தினின்று விலகுதல் அன்று. பாடத்தின் பெரும்பகுதியே அதுவாகும்.

வறண்ட காலத்தும் வளந் தருதல் பற்றியும் மலை ஆசிரியர்க்கு உவமையாயிற்று. கல்வராயன் மலையிற் பணிபுரியும் ஆசிரியர்க்கு அவ்வுவமை நாடோறும் கண்முன் நிற்கின்றது.