சைக்கிளில் விழுந்து கால் உடைஞ்சா... எப்போ பழையபடி நடக்கலாம்?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு சைக்கிள் என்பது வெறும் வண்டி இல்லை. 1990களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் மூலம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. இப்போ ஃபிட்னஸுக்காக ஓட்டுபவர்களும் உண்டு. சரி, விழுந்து கால் உடைஞ்சா?

முதல்ல, 'எழுந்து நின்னு பாரு' என்று சொல்லாதீங்க. காலை அசைக்காமல் அட்டை வைத்துக் கட்டி 108-ஐ அழையுங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும்.

நாட்டுக்கட்டு போடலாமா?

சொந்தக்காரர்களில் ஒருவராவது இதைச் சொல்வார். எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டுவதில்தான் ஆபத்து. உள்ளே வீக்கம் கூடும்போது கட்டு இளகாது. ரத்த ஓட்டம் நின்றால் காலையே இழக்க நேரிடலாம். மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். மாத்திரைக்கும் அடங்காத வலி, விரல் மரத்துப்போவது, நீலம் பாய்வது... எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

எத்தனை மாசம்?

உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். சில வாரங்களில் 'கேலஸ்' எனும் மென்மையான இணைப்பு உருவாகி, கால்சியம் சேர்ந்து கெட்டியாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு கூட பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிகரெட் பிடித்தால் இன்னும் தாமதமாகும். எலும்புக்குள் ராடு வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே காலை ஊன்றலாம், ஆனால் எலும்பு சேரும் வேகம் கூடிவிடாது.

கட்டு பிரித்ததும் பலருக்கு அதிர்ச்சி: கெண்டைக்கால் சூம்பியிருக்கும், மூட்டு மடங்காது. இது பயன்படுத்தாததால் வருவது. டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே விரல்களை அசைப்பது, பிறகு பிசியோதெரபி, வாக்கர் என்று போக வேண்டும். ஆபீஸ் லீவு முடியுதேன்னு இதைப் பாதியில் விடுபவர்கள்தான் மாசக்கணக்கில் நொண்டுகிறார்கள்.

திரும்ப சைக்கிள்? முதலில் வீட்டிலோ ஜிம்மிலோ நிலையான சைக்கிள். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்ற பிறகே ரோடு. உள்ளே வைத்த ராடை எடுக்கணுமான்னு கேட்டால், தொந்தரவு இல்லாதவரை பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.