இரண்டு புள்ளடிகளின் கணக்கு

கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என வாவிக்கும் கடலுக்கும் நடுவே தமிழ் ஊரையும் முஸ்லிம் ஊரையும் அடுத்தடுத்துக் காண்பர். இத்தகைய நிலத்திலிருந்து ஒரேயொருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினால் மற்றச் சமூகத்தின் குரல் என்னாவது? 1931 ஆம் ஆண்டிலேயே ஆண், பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றுவிட்ட இலங்கையில், உரிமை கிடைத்தபின் எழுந்த கேள்வி இது.

அதற்கு விடையாகவே 1960 மார்ச்சுத் தேர்தலில் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இருவருக்கு ஒவ்வொன்றாக அளிக்கலாம். ஒருவருக்கே இரண்டையும் அளிக்கலாம். சூட்சுமம் இந்த இரண்டாவது வசதியில்தான் இருந்தது.

மாணவர்கள் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாக்காளர் 100 பேர். 60 பேர் ஒரு சமூகம், 40 பேர் மற்றது. அறுபதின்மர் தம் 120 வாக்குகளை இரு அபேட்சகருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 60. நாற்பதின்மரோ இரண்டு புள்ளடிகளையும் ஒருவருக்கே இட்டால் அவருக்கு 80, முதலிடமே அவருக்குத்தான்! ஆனால், அந்த நாற்பதின்மரிடையே இருவர் போட்டியிட்டு வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் ஆளுக்கு 40. ஆசனம் கைநழுவிப் போகும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட வேண்டாம். 1960 மார்ச்சில் செ. இராசதுரையும் மாக்கான் மாக்காரும், 1965 இல் இராசதுரையும் அப்துல் லத்தீப் சின்னலெப்பையும் தெரிவாயினர். 1970 இல் வென்ற இராஜன் செல்வநாயகம், இராசதுரை ஆகிய இருவரும் தமிழர். 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அச்சபையின் ஆயுளை நீட்டியபடியால் அடுத்த தேர்தல் 1977 இல்தான் வந்தது. அவ்வேழாண்டும் காத்தான்குடி மக்கள் தம் சமூகத்தவர் ஒருவரைத் தொகுதியின் உறுப்பினராகக் காணவில்லை. 1977 இல்தான் இராசதுரையுடன் பரீத் மீராலெப்பை தெரிவானார்.

எந்தச் சமூகத்துக்கும் ஆசனத்தை எழுதிவைக்காமல் வாக்காளரின் புத்தியை நம்பிய ஏற்பாடு அது. அதனாலேயே அதை நாம் மதிக்கின்றோம். குறையும் இல்லாமலில்லை. ‘இரண்டையும் எனக்கே தாருங்கள்’ என்று சொந்த ஊராரைக் கேட்கும் அபேட்சகருக்கு, அடுத்த ஊரின் படலையைத் தட்டவேண்டிய அவசியமே இல்லாமற் போகிறதல்லவா?

1989 முதல் பாராளுமன்றத் தேர்தல் விகிதாசார முறையில் நடைபெறுகிறது. மாவட்டம் முழுவதும் ஒரே களம். வாக்கு முதலிற் கட்சிக்கு; பின்னர் அக்கட்சியின் பட்டியலில் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு. இதனால், எதிர்க்கட்சியாருடன் மட்டுமன்றித் தம் பட்டியலிலுள்ள நண்பர்களுடனும் அபேட்சகர் மோத வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் மட்டக்களப்பு மாவட்டத்தின் 5 ஆசனங்களில் தமிழரசுக் கட்சி 3 ஆசனங்களையும், தேசிய மக்கள் சக்தியும் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸும் ஒவ்வோர் ஆசனத்தையும் பெற்றன.